நாயின் வயிற்றுப்புசம்

இரவுச் சாப்பாடு முடிந்து வீடு அடங்கும் வேளை. தாழ்வாரத்தில் படுத்திருக்க வேண்டிய நாய் படுப்பதும் எழுவதுமாக நிலைகொள்ளாமல் தவிக்கிறது. வாந்தி எடுக்க முயல்கிறது. நுரையும் எச்சிலும் தவிர ஒன்றும் வரவில்லை. "எதையோ தின்றுவிட்டது, காலையில் பார்த்துக்கொள்வோம்" என்று வீட்டார் விளக்கை அணைத்துவிடுகிறார்கள். காலையில் பார்ப்பதற்கு நாய் உயிருடன் இருப்பது அரிது.

மனிதருக்கு வயிற்றுப்புசம் வெறும் தொல்லை. ஓமத் தண்ணீரில் அடங்கிவிடும். உருவத்தில் பெரிய நாய்க்கோ அதுவே யமன். இரைப்பை வாயுவினால் உப்பி, தன் அச்சிலேயே திரும்பி முறுக்கிக்கொள்கிறது. மேலே உணவுக் குழலும், கீழே குடலுக்குச் செல்லும் வழியும் அடைபடுகின்றன. வாயு ஏப்பமாகவும் வெளிவராது, கீழும் இறங்காது. உப்பிய இரைப்பை, உடலின் பிற்பகுதியிலிருந்து இருதயத்துக்கு இரத்தம் திருப்பிக் கொணரும் பெரிய குழாயை நசுக்குகிறது. இரைப்பைச் சுவரும் இரத்தமின்றி அழுகத் தொடங்குகிறது. சில மணி நேரத்தில் பிராணன் போய்விடும்.

ஆகையால், வாந்தி எடுத்துவிட்ட நாயைக் காட்டிலும் எடுக்க முடியாத நாயே கவலைக்குரியது. வெறும் குமட்டல் திரும்பத் திரும்ப வருமாயின் வேறு அடையாளத்திற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. எச்சில் ஒழுகுதல், தன் விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தல், முன்கால்களை நீட்டிப் பின்பாகத்தை உயர்த்தி நமஸ்கரிப்பதுபோல் நிற்றல் ஆகியவையும் ஆரம்பக் குறிகளே. விலாவுக்குப் பின்னே வயிறு இறுகி, தட்டினால் மத்தளம்போல் ஒலிப்பதும் உண்டு. ஆனால் மார்பு ஆழமான நாய்களில் இரைப்பை விலாவுக்குள் மறைந்திருப்பதால், வீக்கம் தெரியாமலே நோய் முற்றிவிடலாம். ஈறைப் பாருங்கள். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் 2 விநாடிக்குள் சிவக்க வேண்டும். ஈறு வெளிறி நாய் தள்ளாடுமாயின் ஆரம்ப நிலை கடந்துவிட்டதென்று அறிக.

கைவைத்தியம் வேண்டாம். எண்ணெய் புகட்டுவதும் வயிற்றைப் பிசைவதும் பொழுதைப் போக்குமேயன்றி முறுக்கை அவிழ்க்கா. அறுவைச் சிகிச்சை வசதியுள்ள கால்நடை வைத்தியருக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு உடனே புறப்படுக. அவர் வாயுவை வெளியேற்றி, இரத்தக் குழாயில் உப்பு நீர் ஏற்றி, இரைப்பையை நேராக்கி வலப்பக்க வயிற்றுச் சுவரோடு தைத்துவிடுவார். தைக்காமல் விட்டால் பாதிக்கு மேற்பட்ட நாய்களுக்கு நோய் திரும்புகிறது. அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜான் க்ரோகன் வளர்த்து உலகறியச் செய்த மார்லி என்னும் லாப்ரடார் நாய் முதல் முறை தப்பிப் பிழைத்தது. நோய் திரும்பியபோது, 2003ஆம் ஆண்டில், மாண்டது.

கிரேட் டேன், ஜெர்மன் ஷெப்பர்டு முதலிய ஜாதிகளுக்கு இவ்வபாயம் மிகுதி. நமது ராஜபாளையம், சிப்பிப்பாறை நாய்களுக்கும் ஆழ்ந்த மார்புதான். நாட்டு நாய் எதையும் தாங்கும் என்று அசட்டையாக இருப்பது அவற்றுக்குச் செய்யும் மரியாதையன்று. வயது ஏறியவை, மெலிந்தவை, அவசரமாக விழுங்குபவை, ஒரே வேளையில் வயிறு முட்டத் தின்பவை ஆகியவற்றைக் கவனித்து வருக. சோற்றுப் பாத்திரத்தை உயரத்தில் வைப்பது நலமென்று முன்னர் சொல்லி வந்தார்கள். பர்டியூ பல்கலைக்கழகத்தார் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியோ உயர்த்திய பாத்திரத்தால் அபாயம் மிகுவதாகக் கண்டது. தரையிலேயே வைத்து, இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுப்பதே மேல்.

தாய்க்கோ தந்தைக்கோ உடன்பிறந்த குட்டிக்கோ இந்நோய் வந்திருக்குமாயின், கருத்தடைச் சிகிச்சை செய்யும்போதே இரைப்பையையும் தைத்து வைக்கும்படி வைத்தியரைக் கேட்கலாம்.