லாரியின் முதுகெலும்புக்கு ஒட்டுப் போடலாமா?

பாரம் ஏற்றிய பழைய லாரி ஒன்று மலைச்சாலையில் இறங்கி வருகிறது. டிரைவர் புறப்படும் முன் பிரேக்கைப் பார்த்தார். டயரைத் தட்டிப் பார்த்தார். வண்டிக்கு அடியில் குனிந்து பார்க்கவில்லை. அங்கே ஒரு விரிசல்! தலைமயிர் அளவுதான். வண்டியையே முறித்துப்போட அது போதும்.

என்ஜின் முதல் பின்சக்கரம் வரை இரண்டு நீண்ட உருக்குச் சட்டங்கள். நடுவே ஏணிப்படி போலக் குறுக்குச் சட்டங்கள். இதுதான் "சேஸிஸ்." 1954-ல் ஜாம்ஷெட்பூரில் தயாராகத் தொடங்கிய டாடா மெர்சிடிஸ் பென்ஸ் லாரிக்கும் இதுவே முதுகெலும்பு. இப்படிப்பட்ட பழைய வண்டியில் சட்டம் நலிந்துவிட்டால், தகடு வைத்துப் பலப்படுத்துகிறார்கள்.

எந்தத் தகடு?

"கனமான தகடாகப் போடு" என்பார்கள் பலர். அது தப்பு!

நைந்த புடவையில் முரட்டுத் துணியை ஒட்டுப் போட்டுப் பாருங்கள். ஒட்டு கிழியாது. ஒட்டின் ஓரத்தில் புடவை கிழியும். லாரியும் அப்படித்தான். மேடு பள்ளத்தில் சட்டம் சற்றே வளைந்து நிமிர வேண்டும். தடித்த தகடு அதை வளைய விடாது. வளைவெல்லாம் தகட்டின் முனையில் சேர்ந்து, அங்கே புது விரிசல் பிறக்கும்.

ஆகவே, துருவைச் சுரண்டிவிட்டுச் சட்டத்தின் கனத்தை அளக்க வேண்டும். சட்டம் 6 மில்லிமீட்டர் என்றால் தகடு அதற்கு மேல் வேண்டாம். வீண் பாரமும் மிச்சம். 6 மில்லிமீட்டர் தகடு ஒரு சதுர மீட்டருக்கு 47 கிலோ எடை!

பழைய இரும்புக் கடைத் தகடு மலிவுதான். அது கப்பலில் இருந்ததோ, கொதிகலனில் இருந்ததோ, யார் கண்டது? ஐ.எஸ். 2062 முத்திரையுள்ள தகடே நல்லது. அதில் "இ 250" என்ற ரகம் சாதாரண மைல்டு ஸ்டீல். சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 25 கிலோ இழுப்பைத் தாங்கும்; வெல்டிங்குக்கும் இணங்கும். மைல்டு ஸ்டீல் சட்டத்துக்கு இது போதும்.

சில கனரக லாரிகளின் சட்டம் சூடேற்றிப் பதப்படுத்தியது. அதில் வெல்டிங் வைத்தால் பதம் போய்விடும். போல்ட்டுதான் வழி.

வைக்கும் விதம்

முதலில் விரிசலின் நுனியில் சிறு துளை போட வேண்டும். விரிசல் அதற்கு மேல் ஓடாது. பிறகு விரிசலை வெல்டிங்கால் நிரப்பித் தேய்த்துச் சமமாக்க வேண்டும். அதன் மேல்தான் தகடு. அதன் முனைகளைச் செங்குத்தாக வெட்டக்கூடாது. சாய்வாகவோ மீன்வால் போலவோ வெட்ட வேண்டும். முனையில் மேலிருந்து கீழாக வெல்டிங் கோடு இழுக்கவே கூடாது. சட்டத்தின் மேல் மடிப்பிலும் கீழ் மடிப்பிலும் துளை போடக்கூடாது. பளு முழுவதும் அங்கேதான்.

வேலை முடிந்து முதல் பாரம் இறக்கியதும், டார்ச் விளக்குடன் அடியில் படுத்துப் பாருங்கள். தகட்டின் நடுவை அல்ல, இரு முனைகளை!