முள் சொல்வது மெய்யா?

கொல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் 2014 வரை தயாராகி வந்த அம்பாசடர் காரை அறியாத தமிழர் வெளிமாநிலங்களில் இருத்தல் அரிது. அக்காரின் பழைய மாதிரிகளில் இருந்த 1489 கன சென்டிமீட்டர் பெட்ரோல் எஞ்சின், இங்கிலாந்தின் ‘பி’ வரிசை என்னும் எஞ்சின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதே குடும்பத்தின் 1798 கன சென்டிமீட்டர் எஞ்சினைத் தாங்கி, இங்கிலாந்தின் ஆபிங்டன் நகரில் 1962 முதல் 1980 வரை உருவான ஸ்போர்ட்ஸ் கார் எம்.ஜி.பி. ஆகும். ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் வெளிவந்தன. அம்பாசடரைப் பழுது பார்த்துப் பழகிய கைக்கு எம்.ஜி.பி. முற்றிலும் அந்நியமன்று.

இத்தகைய பழைய வண்டியை அன்போடு பேணுவோர் அடிக்கடி கூறும் குறை ஒன்று உண்டு. எஞ்சின் நீரின் வெப்பத்தைக் காட்டும் முள், சில சமயம் திடீரென்று அபாய எல்லையை நோக்கி ஏறுகிறது. சிறிது நேரத்தில் தானே இறங்கிவிடுகிறது. பணிமனைக்குக் கொண்டு சென்றாலோ, ஒன்றும் அறியாதது போல் நடுவில் நிற்கிறது. ‘புலி வருகிறது’ என்று பொய்யாகக் கூவிய சிறுவனின் கதையை நாம் அனைவரும் அறிவோம். அக்கதையின் முடிவில் புலி மெய்யாகவே வந்தது என்பதையும் மறத்தலாகாது. முள்ளைப் பொய்யென்று தள்ளிவிட்டால், ஒருநாள் எஞ்சினின் தலைப்பகுதி வளைந்தோ விரிசல் கண்டோ பெருஞ்செலவு நேரிடும். மெய்யென்று அஞ்சி உறுப்புகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனாலும் செலவுக்கு முடிவிராது. ஆகவே, முள் கூறும் சாட்சியத்தை வேறொரு சாட்சியைக் கொண்டு சரிபார்த்தலே முறையாகும். அதனை எவ்வாறு செய்வது என்று இங்கு ஆராய்வோம்.

முதற்கண், வண்டியிலுள்ள வெப்பமானி எவ்வகையினது என்று காண வேண்டும். முற்பட்ட எம்.ஜி.பி. வண்டிகளில் மின்சாரத்தின் உதவி இல்லாத வெப்பமானி இருந்தது. எஞ்சினில் செருகிய சிறு குமிழிலிருந்து மெல்லிய செப்புக் குழாய் ஒன்று முகப்புப் பலகை வரை செல்லும். உள்ளிருக்கும் ஆவியின் அழுத்தமே முள்ளை நகர்த்தும். குழாய் ஒழுகினால் முள் குளிர்ந்த நிலையிலேயே கிடக்குமேயன்றி மேலே ஏறாது. ஆதலின் இவ்வகை முள் உயர்ந்தால் அதை நம்புவதே நலம்.

பிற்பட்ட வண்டிகளில் இருப்பது மின்சார வெப்பமானி. எஞ்சினில் பொருத்திய உணரிக்குள் தெர்மிஸ்டர் என்னும் பொருள் உள்ளது. சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும். தடை குறையக் குறைய முள் உயரும். இந்த ஒரு விதியை மனத்திற் கொண்டால் பாதி வழக்குத் தீர்ந்துவிடும். உணரிக்குச் செல்லும் கம்பி அறுந்தால் முள் குளிர்ச்சியைக் காட்டும். அக்கம்பியின் உறை தேய்ந்து, எஞ்சினின் இரும்பிலே உரசினால், தடை அறவே அற்றுப்போய் முள் உச்சிக்கு ஏறும். குண்டும் குழியுமான சாலையில் மட்டும் முள் ஏறுவதற்கு இதுவே பெரும்பாலும் காரணமாகும். பச்சை நிறத்தில் நீலக்கோடிட்ட அக்கம்பியை உணரியிலிருந்து கழற்றிவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். முள் அடியில் கிடக்க வேண்டும். அப்பொழுதும் ஏறினால், குற்றம் கம்பியினுடையது, நீரினுடையதன்று.

இன்னொரு சாட்சி பக்கத்திலேயே இருக்கிறது. அது பெட்ரோல் அளவைக் காட்டும் முள். இவ்விரண்டு மானிகளுக்கும் 10 வோல்ட் அளவில் மின்சாரத்தை ஒழுங்குபடுத்தி அளிக்கும் சிறு பெட்டி ஒன்று முகப்புப் பலகைக்குப் பின்னால் உள்ளது. அதன் உடல் வண்டியின் இரும்போடு நன்கு இணைந்திருக்க வேண்டும். துருவினாலோ, திருகு தளர்ந்ததாலோ அவ்விணைப்பு விட்டுவிட்டால், பாட்டரியின் முழு மின்சாரமும் இரு மானிகளுக்கும் பாயும். வெப்ப முள் ஏறும்போது பெட்ரோல் முள்ளும் கூடவே ஏறினால், அப்பெட்டியையும் அதன் இணைப்பையும் பாருங்கள். பெட்ரோல் நிரப்பாமலே அதன் அளவு கூடுவது இயலாத காரியமன்றோ?

இங்கு ஓர் எச்சரிக்கை. இவ்வகை முட்கள் இயல்பாகவே மெல்ல நகரும்படி அமைக்கப்பட்டவை. ஆகையால் முள் மெதுவாக ஏறுவதால் மட்டும் வெப்பம் மெய்யென்று முடிவு செய்தலாகாது.

நீரையே நேரில் விசாரிக்கவும் வழியுண்டு. தொடாமலே வெப்பத்தை அளக்கும் அகச்சிவப்பு வெப்பமானி இக்காலத்தில் கடைகளில் எளிதிற் கிடைக்கிறது. தெர்மாஸ்டாட்டின் உலோக மூடியை நோக்கி அதனைப் பிடித்து அளக்கலாம். பளபளப்பான உலோகம் தவறான கணக்கைத் தரும். அவ்விடத்தில் கறுப்பு வண்ணம் சிறிது பூசிக்கொள்வது நன்று. வழக்கமான தெர்மாஸ்டாட் 82 டிகிரி செல்சியஸில் திறக்கத் தொடங்கும்; வெப்ப நாடுகளுக்கு 74 டிகிரியில் திறப்பதும் உண்டு. முள் உச்சியில் நிற்கையில் மூடியின் சூடு இவ்வளவை ஒட்டியே இருந்தால், பொய் சொல்வது முள்ளே.

சூடு மெய்யென்று தெரிந்தாலோ, அது எப்பொழுது வருகிறது என்று குறித்து வைக்க வேண்டும். நெரிசலில் நிற்கும்போது ஏறி, ஓடத் தொடங்கியதும் இறங்கினால், காற்றோட்டம் போதவில்லை. விசிறியையும் பெல்ட்டையும், ரேடியேட்டரின் இடுக்குகளில் அடைந்த தூசியையும் பாருங்கள். மேடேறும்போதும் விரைந்து ஓடும்போதும் ஏறினால், நீரோட்டம் தடைப்பட்டிருக்கலாம். உப்பு படிந்த ரேடியேட்டர், சரிவரத் திறவாத தெர்மாஸ்டாட், உட்புறம் ஒட்டிக்கொள்ளும் கீழ்க்குழாய் ஆகியவற்றை ஐயுறலாம். எங்கும் ஒழுகாமலே நீர் குறைந்தும், ரேடியேட்டரில் குமிழிகள் எழுந்தும் வந்தால், தலைப்பகுதியின் கேஸ்கெட் பழுதாகியிருக்கக் கூடும். தெர்மாஸ்டாட்டைச் சோதிக்க அடுப்பங்கரையே போதும். அதனைக் கழற்றி நீர்ப் பாத்திரத்தில் தொங்கவிட்டுச் சூடேற்றி, எந்த டிகிரியில் திறக்கிறது என்று வெப்பமானியால் காணலாம்.

மலைப் பயணம் செய்வோர் ரேடியேட்டரின் மூடியை மறவாதிருத்தல் வேண்டும். கடல் மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் நீர், சுமார் 2,200 மீட்டர் உயரமுள்ள சிம்லாவில் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். சதுர அங்குலத்துக்கு 10 பவுண்டு அழுத்தத்தைத் தாங்கும் மூடி, கடல் மட்டத்தில் கொதிநிலையைச் சுமார் 115 டிகிரிக்கு உயர்த்துகிறது. மூடியின் வில் தளர்ந்தால் இக்காப்பு அகன்றுவிடும். சமவெளியில் சாதுவாக இருந்த வண்டி மலையிற் கொதிப்பதன் மர்மம் சில வேளைகளில் இதுவே. கிணற்று நீர் உவர்ப்பாக உள்ள ஊர்களில் வாழ்வோர், காய்ச்சி வடித்த நீரோடு குளிர்விப்புத் திரவத்தைக் கலந்து ஊற்றினால் உப்புப் படிவைத் தவிர்க்கலாம். அத்திரவம் இனிப்புச் சுவையுள்ள நஞ்சு. குழந்தைகளுக்கும் நாய்களுக்கும் எட்டாமல் வைத்தல் அவசியம்.

இச்சோதனைகள் யாவும் ஆற அமர வீட்டில் செய்ய வேண்டியவை. வழியில் முள் ஏறினால் அங்கே ஆராய்ச்சி வேண்டா, மெய்யென்றே கொள்ளுங்கள். ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருங்கள். அணைத்தவுடன் முள் இன்னும் சற்று ஏறக்கூடும். ஓட்டம் நின்ற நீரில் இரும்பின் சூடு இறங்குவதே அதற்குக் காரணம். குழாயைக் கையால் பற்றிக்கொண்டிருக்க இயலும் வரை ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள். சூட்டோடு திறந்தால் பீறிட்டெழும் நீராவி முகத்தையும் கண்ணையும் வேகவைத்துவிடும். கொதிக்கும் இரும்பில் குளிர்ந்த நீரை ஊற்றுவதும் கூடாது, விரிசல் காணும்.

முள் தாழ்ந்து கிடப்பது மட்டுமே நலத்துக்கு அறிகுறியன்று என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். நீர் வற்றி, உணரி வெறும் காற்றில் நின்றுவிட்டால், எஞ்சின் எரிந்துகொண்டிருக்கையிலும் முள் குளிர்ச்சியைக் காட்டலாம். ஆகவே, வாரம் ஒருமுறை, எஞ்சின் குளிர்ந்திருக்கும் காலை வேளையில், நீரின் அளவைக் கண்ணால் பார்த்துவிடுவது நன்று. முள்ளையும் நீரையும் ஒருங்கே விசாரிப்பவர் வழியில் நிற்க நேர்வது அரிது.