பழைய எந்திரங்கள் (11): ஜாகுவார் இ-டைப்பைப் பிரித்தலும் மீட்டலும்

ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரைக் கடைசி நட்டு வரை கழற்றி மீண்டும் பூட்டும் வேலையில், கழற்றுவது எளிது, பூட்டுவதே கடினம் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. பிரிட்டனின் ஜாகுவார் நிறுவனம் 1961 முதல் 1974 வரை தயாரித்த இ-டைப் காரை முன்வைத்துப் பார்த்தால், இது பாதி உண்மைதான் என்பது விளங்கும். அந்தக் காரைப் பற்றி அறியவேண்டியவற்றுள் பெரும்பகுதி அது பிரிக்கப்படும் வாரங்களில்தான் வெளிப்படுகிறது. அப்போது குறித்துவைக்கப்படாத செய்தி பின்னர் எந்தக் கையேட்டிலிருந்தும் திரும்பக் கிடைப்பதில்லை.

1961 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியில் அறிமுகமான இ-டைப்பின் உருவத்தை வகுத்தவர் மால்கம் சேயர். பிரிஸ்டல் விமான நிறுவனத்தில் பணியாற்றிவிட்டு ஜாகுவாருக்கு வந்த அவர், காற்றோட்டக் கணக்கீடுகளைக் கொண்டு காரின் வளைவுகளை வரைந்தவர். 1955, 1956, 1957 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற டி-டைப் பந்தயக் காரும் அவர் வடிவமைத்ததுதான். அதன் கட்டுமான முறையே சற்று மாற்றப்பட்டுச் சாலைக் காரான இ-டைப்புக்கு வந்தது. இதில் முழு நீளச் சேஸி கிடையாது. நடுப்பகுதியும் பின்பகுதியும் மெல்லிய எஃகுத் தகடுகளை மடித்துப் பற்றவைத்த ஒரே கூடாக அமைந்து, சேஸி தாங்கவேண்டிய சுமையைத் தாமே தாங்குகின்றன. இவ்வகைக் கட்டுமானத்துக்கு மானோகாக் என்று பெயர். எஞ்சின் அறையையும் பயணிகள் அறையையும் பிரிக்கும் ஃபயர்வால் என்ற தடுப்புத் தகட்டோடு இந்தக் கூடு முடிந்துவிடுகிறது. அதற்கு முன்னால் எஞ்சினையும் முன்சக்கரங்களையும் சுமப்பவை, ரெனால்ட்ஸ் 531 என்ற உயர்வகை எஃகாலான சதுரக் குழாய்களை இணைத்துச் செய்த சட்டகங்கள். இவை ஃபயர்வாலோடு போல்ட் போட்டு மட்டுமே பொருத்தப்பட்டுள்ளன. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 1996-இல் தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்ட அளவுக்குப் பேரழகு பெற்ற இந்தக் கார், உள்ளே பார்த்தால் இரண்டு வேறு கட்டுமானத் தத்துவங்களை ஒரு வரிசைப் போல்ட்டுகளால் சேர்த்துக் கட்டிய ஒன்றாகும்.

துரு தன் வேலையைத் தொடங்குவதும் இந்த அமைப்பின் போக்கைப் பின்பற்றித்தான். கதவுகளுக்குக் கீழே காரின் இருபுறமும் ஓடும் பெட்டி வடிவத் தகடுகளுக்குச் சில் என்று பெயர். கூரை திறந்த வகைக் காரில் கூடு வளையாமல் நிற்பதற்கு முக்கிய ஆதாரம் இவைதான். நாற்புறமும் மூடிய இப்பெட்டிகளுக்குள் புகும் ஈரம் எளிதில் வெளியேறுவதில்லை. உள்பக்கத்துக்குத் தொழிற்சாலையில் போதிய துருக்காப்பும் அளிக்கப்படவில்லை. முன்சட்டகக் குழாய்களின் நிலை இன்னும் மோசம். வெளியே பெயின்ட் பளபளக்க, உள்ளே குழாயின் சுவர் அரிக்கப்பட்டுக்கொண்டே வரும். தட்டிப் பார்த்தாலும் ஓசையில் வேறுபாடு தெரியாத கட்டம் வரை நோய் மறைந்திருக்கும். எனவே தேர்ந்த பட்டறைகள் சட்டகங்களைக் கழற்றிச் சோதிக்காமல் அவற்றின் நலம் பற்றி எந்த உறுதியும் தருவதில்லை.

பிரிக்கும் வேலை முன்பக்கத்து பானெட்டில் தொடங்குகிறது. முன்மூக்கு, இரு மட்கார்டுகள் எல்லாம் சேர்ந்த ஒரே பெருந்துண்டாக முன்னோக்கித் திறக்கும் இந்த பானெட், உண்மையில் தனித்தனித் தகடுகளை விளிம்புகளில் போல்ட் போட்டு இணைத்த ஒன்று; இணைப்புக்கோட்டை ஒரு குரோம் பட்டை மறைக்கிறது. கீல்களின் இடையே ஷிம் எனப்படும் மெல்லிய இடைத்தகடுகள் செருகப்பட்டிருக்கும். கதவோரத்தில் பானெட் சரியாக வந்து அமர வேண்டும் என்பதற்காகத் தொழிற்சாலையில் ஒவ்வொரு காருக்கும் தனியே பார்த்துச் செருகப்பட்டவை அவை. எந்தப் பக்கத்தில் எத்தனை ஷிம் இருந்தன என்பதை எழுதிவைக்காமல் உருவிப் போட்டவர், மாதங்கள் கழித்து அந்த இடைவெளியைச் சரிசெய்ய நாட்கணக்கில் போராட நேரும். ஒவ்வொரு பாகத்தையும் இருந்த இடத்திலேயே முதலில் படமெடுப்பதும், திருகுகளை இடத்தின் பெயர் எழுதிய தனித்தனிப் பைகளில் போடுவதும், உடைந்துபோன பழைய பாகத்தையும் புதியது பொருந்தும் வரை எறியாமல் வைத்திருப்பதும் இந்தத் தொழிலின் பால பாடம்.

எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒன்றாகத்தான் வெளியே வரும். ஒரு கிளட்ச் தட்டை மாற்றவே இவ்வளவும் செய்தாக வேண்டும் என்பதால், இந்தக் காரை வடிவமைத்தவர்கள் அதைப் பழுதுபார்க்கப்போகிறவர்களைப் பற்றி அதிகம் கவலைப்படவில்லை என்று சொன்னால் மிகையாகாது. பின்சக்கரத் தாங்கமைப்பும் அத்தகையதே. டிஃபரன்ஷியல், சுருள்வில்கள், அதிர்வுத் தாங்கிகள், பிரேக் தட்டுகள் அனைத்தும் ஓர் எஃகுக் கூண்டுக்குள் அடங்கி, நான்கு ரப்பர் தாங்கிகள் மூலம் உடலோடு தொங்குகின்றன. பிரேக் தட்டுகள் சக்கரத்தின் அருகே இல்லாமல் டிஃபரன்ஷியலை ஒட்டி உள்ளே அமைந்திருப்பதால் சக்கரத்தின் எடை குறைந்து ஓட்டம் மென்மையாகிறது. ஆனால் பிரேக் வெப்பம் டிஃபரன்ஷியலின் எண்ணெய்த் தடுப்பு வளையங்களைக் கெடுக்கிறது, கசியும் எண்ணெய் பிரேக்கைக் கெடுக்கிறது. எட்டாத இடம் என்பதால் பல கார்களில் இப்பகுதி பல ஆண்டுகள் திறந்தே பார்க்கப்படாமல் கிடந்திருக்கும்.

கூடு மட்டும் எஞ்சிய நிலையில் பெயின்டை நீக்கும் வேலை வருகிறது. அழுத்தக் காற்றோடு மணலை வீசித் துருவை உரிக்கும் முறை தடித்த இரும்புக்கு ஏற்றது. பானெட் போன்ற மெல்லிய தகட்டில் அதைப் பயன்படுத்தினால் தகடு நெளிந்துவிடும், நெளிந்ததைச் சமப்படுத்துவது பெரும்பாலும் இயலாது. அமிலத் தொட்டியில் முக்கியெடுப்பது துப்புரவாக இருந்தாலும், மடிப்புகளுக்குள் தங்கும் அமிலம் புதிய பெயின்டுக்கு அடியிலிருந்து மீண்டும் அரிக்கத் தொடங்கும். பழைய பெயின்ட் உரியும்போது முந்தைய பழுதுபார்ப்புகளின் வரலாறும் வெளிப்படுகிறது. தகட்டு இணைப்புகளைத் தொழிற்சாலை காரீயமும் வெள்ளீயமும் கலந்த உலோகத்தை உருக்கிப் பூசி நிரவியிருந்தது. பிற்காலத்து டிங்கர்கள் அதன்மேல் பட்டியை அப்பியிருப்பார்கள். ஒரு விரல் தடிமனில் பட்டி உதிர்ந்தால் அதன் கீழே பழைய விபத்து ஒன்று உண்டு என்று கொள்ளலாம்.

அழுகிய சில் தகடுகளை வெட்டியெடுக்கும் கட்டமே வேலை முழுவதிலும் ஆபத்து மிக்கது. கூரையில்லாத காரில் இரண்டு சில்களையும் ஒரே நேரத்தில் வெட்டினால் கூடு நடுவில் தொய்ந்துவிடும்; தொய்ந்த நிலையிலேயே புதிய தகட்டைப் பற்றவைத்தால் அந்தக் கோணல் நிரந்தரமாகும், அதன்பிறகு கதவுகள் ஒருபோதும் சரியாக மூடா. ஆகவே கதவுத் திறப்புகளின் குறுக்கே எஃகுச் சட்டங்களைத் தற்காலிகமாகப் பற்றவைத்து, அளவுகளை முன்கூட்டியே குறித்து, ஒரு பக்கம் முடிந்த பின்னரே மறுபக்கத்தைத் தொடுவது முறை. தகடு வேலை முடிந்ததும் கதவு, பானெட், கண்ணாடிச் சட்டம், குரோம் பாகங்கள் ஆகியவற்றைப் பெயின்ட் அடிப்பதற்கு முன்பே ஒருமுறை முழுமையாகப் பூட்டிப் பார்த்து, இடைவெளிகளைச் சரிசெய்து, மீண்டும் கழற்ற வேண்டும். வீண் செலவு என்று வாடிக்கையாளர்கள் முணுமுணுப்பது இந்த வேலைக்குத்தான். தரமான பட்டறையை மற்றவற்றிலிருந்து பிரித்துக்காட்டுவதும் இதுவே.

எஞ்சினைப் பொறுத்தவரை சிக்கல் குறைவு. 1948-இல் எக்ஸ்.கே. 120 காரோடு அறிமுகமாகி, பல மாற்றங்களுடன் 1992 வரை உற்பத்தியில் நீடித்த எக்ஸ்.கே. எஞ்சின்தான் இ-டைப்பின் முதல் பத்தாண்டுக் கார்களில் உள்ளது. ஆறு சிலிண்டர், மேலே இரண்டு கேம்ஷாஃப்ட், தொடக்கத்தில் 3.8 லிட்டர் கொள்ளளவு, நிறுவனக் கணக்கில் 265 குதிரைத்திறன். 1964-இல் இது 4.2 லிட்டராகப் பெரிதாக்கப்பட்டது. உடல் வார்ப்பிரும்பு, மேல்தலை அலுமினியம் என்று இரு உலோகங்கள் ஒரே குளிர்நீரால் தொடர்புறுவதால், துருத்தடுப்பு மருந்து கலக்காத தண்ணீரை ஆண்டுக்கணக்கில் ஊற்றிய எஞ்சின்களில் அலுமினியத்தின் நீர்வழிகள் அரித்துப்போயிருக்கும். வால்வுகளுக்கும் கேம்ஷாஃப்ட்டுக்கும் இடையே உள்வாங்கும் பக்கம் 0.004 அங்குல இடைவெளி இருக்க வேண்டும். திருகைத் திருப்பிச் சரிசெய்ய இதில் வழியில்லை. கேம்ஷாஃப்ட்டைக் கழற்றி, வேறு தடிமனுள்ள ஷிம்மை வைத்து, மீண்டும் பூட்டி அளக்க வேண்டும். பொறுமையைக் கோரும் வேலைதான், ஆனால் அதற்கான அளவுகள் எல்லாம் கையேட்டில் உள்ளன.

கையேட்டில் விடையில்லாத கேள்வி வேறொன்று: காரின் அடையாளம் எதில் இருக்கிறது என்பது. இ-டைப்பின் சேஸி எண் பொறிக்கப்பட்டிருப்பது முன்சட்டகக் குழாயின் மீது. அதாவது மோதலில் நசுங்கக்கூடியதும், எளிதில் கழற்றி மாற்றத்தக்கதுமான ஒரு பாகத்தின் மீது. எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் உடலுக்கும் தனித்தனி எண்கள் உண்டு. ஜாகுவாரின் மரபு அறக்கட்டளை பழைய உற்பத்திப் பதிவேடுகளைப் பார்த்து, எந்த எண்ணுள்ள எஞ்சின் எந்தக் காரில் பூட்டப்பட்டது, முதல் நிறம் எது என்பன போன்ற விவரங்களைச் சான்றிதழாக வழங்குகிறது. எல்லா எண்களும் பதிவேட்டோடு ஒத்துப்போகும் கார் சந்தையில் கூடுதல் விலை பெறுகிறது. அந்த விலையே, அழுகிய குழாயை எறிந்துவிட்டுப் புதிய குழாயில் அதே எண்ணைப் பொறித்துக்கொள்ளும் ஆசைக்கும் வித்திடுகிறது. எண் உள்ள துண்டை மட்டும் காப்பாற்றிப் புதிய சட்டகத்தில் ஒட்டுவோரும் உண்டு. இரண்டையும் வெளிப்படையாக எழுதிவைத்தால் அது பழுதுபார்ப்பு, மறைத்தால் மோசடி.

எத்தனை பாகங்கள் மாறிய பிறகும் ஒரு கார் அதே கார்தானா என்ற கேள்வி 1990-இல் லண்டனில் நீதிமன்றப் படியேறியது. 1929, 1930 ஆகிய ஆண்டுகளில் லெ மான் பந்தயத்தை வென்ற ‘ஓல்டு நம்பர் ஒன்’ என்ற பென்ட்லி காரின் விற்பனையில் எழுந்த வழக்கு அது. 1929-இல் இருந்த பாகங்கள் மிகச் சிலவே அதில் எஞ்சியிருந்தபோதும், கார் எந்தக் கட்டத்திலும் இல்லாமற்போகவில்லை, தொடர்ச்சியாக மாறிவந்தது, அந்த வரலாறு அறியப்பட்டது என்ற அடிப்படையில் அது அதே கார்தான் என்று நீதிபதி தீர்ப்பளித்தார். பழைய வாகனங்களுக்கான பன்னாட்டுக் கூட்டமைப்பான ஃபிவா 2012-இல் ஏற்றுக்கொண்ட டூரின் சாசனம், இருப்பதை இருந்தபடி காத்தல், சிதைவை மட்டும் தடுத்தல், இழந்ததை மீட்டமைத்தல் என்று தலையீட்டின் அளவை வேறுபடுத்தி, செய்த மாற்றங்கள் ஆவணப்படுத்தப்பட வேண்டும் என்று வலியுறுத்துகிறது. இந்தத் துறையில் கடைப்பிடிக்கத்தக்க விதி என்று ஒன்று உண்டென்றால் இந்த ஆவண விதிதான்.

இவ்விதி மீறப்படுவதற்கு வறுமையைவிடச் செல்வமே அதிகக் காரணமாகிறது. பணத்துக்குக் குறைவில்லாத உரிமையாளருக்காக மீட்கப்படும் கார், தொழிற்சாலையிலிருந்து ஒருபோதும் வெளிவந்திராத அளவுக்கு மெருகேறிவிடுகிறது. 1960-களின் பெயின்டுக்கு இல்லாத கண்ணாடிப் பளபளப்பு, மங்கலான காட்மியப் பூச்சுத் திருகுகளுக்குப் பதில் மினுங்கும் குரோம் திருகுகள், பழைய பருத்தி நூல் உறையிட்ட மின்கம்பிகளுக்குப் பதில் பிளாஸ்டிக் கம்பிகள் என்று ஒவ்வொன்றும் தனியே பார்த்தால் சிறிய மேம்பாடுதான். ஆனால் தொடக்ககாலக் கார்களில் பானெட்டின் பூட்டு வெளிப்புறம் இருந்ததும், 1962 தொடக்கம் வரை தரைத்தகடு தட்டையாக இருந்து, உயரமானவர்கள் கால்நீட்ட இடமில்லை என்பதால் பின்னர் பள்ளமாக்கப்பட்டதும், 3.8 லிட்டர் கார்களில் பேட்டரியின் நேர்முனை உடலோடு இணைக்கப்பட்டிருந்ததும் அந்தந்த மாதத்துத் தொழிற்சாலையின் கையெழுத்துகள். அவற்றைத் திருத்திய கார் அழகாக ஓடலாம், சான்றாக நிற்காது. இதற்கு நேரெதிரான எடுத்துக்காட்டு, 1964 அக்டோபரில் பாரிஸ் அருகே மோன்லேரி பந்தயத்தில் ஜெர்மானிய ஓட்டுநர் பீட்டர் லிண்ட்னர் உயிரிழந்த அலுமினிய உடல் கொண்ட இ-டைப். உருக்குலைந்த அதன் மூல உடலைக் கைவிடாமல், பல்லாண்டுகளுக்குப் பிறகு ஒரு பிரிட்டிஷ் பட்டறை ஆயிரக்கணக்கான மணி நேரம் செலவிட்டு, தகடு தகடாகப் பிரித்து, கையாலேயே நிமிர்த்தி, பெரும்பகுதி மூல உலோகத்தைக் காப்பாற்றியது. புதிய உடல் செய்வது அதைவிட எளிதாகவும் மலிவாகவும் இருந்திருக்கும்.

மீட்கப்பட்ட இ-டைப்பை வாங்க நினைப்பவர் முதலில் கேட்க வேண்டியவை, பெயின்ட் நீக்கிய வெற்றுத் தகட்டு நிலையில் எடுத்த படங்கள், சில் தகடுகளும் முன்சட்டகங்களும் மாற்றப்பட்டனவா என்ற எழுத்துப்பூர்வக் குறிப்பு, எண் பொறித்த பழைய குழாய் இப்போது எங்கே இருக்கிறது என்ற விவரம் ஆகிய மூன்றும்தான். இவற்றைக் காட்டத் தயங்கும் விற்பனையாளரிடம் விலை பேசாமல் எழுந்துவிடுவது நல்லது.