நீதிமன்றக் கட்டணம் செலுத்த வசதியில்லையா? சட்டம் தரும் வழிகள் என்ன?

புதுதில்லி: கொடுத்த கடனைத் திரும்பப் பெறவோ, இழப்பீடு கோரியோ உரிமையியல் நீதிமன்றத்தை நாடுபவர், வழக்கு தாக்கல் செய்யும்போதே நீதிமன்றக் கட்டணத்தைச் செலுத்த வேண்டும். பொதுவாகக் கோரும் தொகை உயர உயரக் கட்டணமும் உயரும். இதனால், பெரும் இழப்பைச் சந்தித்தவரே பெருந்தொகையை முன்கூட்டியே திரட்ட வேண்டியுள்ளது.

மாநிலத்துக்கு மாநிலம் மாறும் கட்டணம்

உச்சநீதிமன்றம் நீங்கலாக மற்ற நீதிமன்றங்களின் கட்டணம் மாநிலப் பட்டியலில் உள்ளது. எனவே, ஒரே தொகைக்கான வழக்குக்கு மாநிலந்தோறும் கட்டணம் வேறுபடும். தமிழகத்தில் 7.5 சதவீதமாக இருந்த கட்டணம் 2017-இல் 3 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அதன்படி ரூ.10 லட்சம் கோரும் வழக்குக்கு ரூ.30,000 செலுத்த வேண்டும். மகாராஷ்டிரத்தில் கட்டண உச்சவரம்பு 2018-இல் ரூ.3 லட்சத்திலிருந்து ரூ.10 லட்சமாக உயர்த்தப்பட்டது. தில்லியில் கட்டணத்தை உயர்த்திய 2012-ஆம் ஆண்டு திருத்தச் சட்டத்தை அங்குள்ள உயர்நீதிமன்றம் மறு ஆண்டே ரத்து செய்தது.

வறியவர் மனு

உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் ஆணை 33-இன்கீழ், போதிய வசதியற்றவர் கட்டணம் செலுத்தாமல் வழக்கு தொடர அனுமதி கோரலாம். மனுவுடன் தனது சொத்து விவரங்களை அளிக்க வேண்டும். எதிர்த்தரப்புக்கும் அரசு வழக்குரைஞருக்கும் நோட்டீஸ் அனுப்பி, நீதிமன்றம் விசாரித்து முடிவெடுக்கும். வழக்குக்குரிய சொத்து இக்கணக்கில் சேராது.

எனினும், இது முழுமையான விலக்கு அன்று. மனுதாரர் வென்றால், நீதிமன்றம் குறிப்பிடும் தரப்பிடமிருந்து மாநில அரசு கட்டணத்தை வசூலிக்கும். தோற்றால், அக்கட்டணத்தை மனுதாரரே செலுத்த உத்தரவிடப்படும். அதாவது, வழக்கில் தோற்கும் ஏழைக்கு அது கடனாகவே வந்து சேரும்.

இலவச சட்ட உதவி

பொருளாதாரக் காரணத்தால் எவருக்கும் நீதி மறுக்கப்படக் கூடாது என்கிறது அரசமைப்புச் சட்டப் பிரிவு 39ஏ. இதற்காக இயற்றப்பட்ட 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டப்படி பெண்கள், குழந்தைகள், பட்டியலினத்தவர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், காவலில் உள்ளோர் ஆகியோர் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி பெறலாம். ஏனையோரில் பெரும்பாலோருக்கு வருமான வரம்பு உண்டு. வழக்குரைஞர் உதவியுடன் நீதிமன்றக் கட்டணமும் இதில் அடங்கும். எனவே, தகுதியுடையோர் வழக்கு தாக்கல் செய்வதற்கு முன்பே மாவட்ட அல்லது வட்ட சட்டப் பணிகள் அலுவலகத்தை அணுகுவது பயனளிக்கும். 15100 என்ற உதவி எண்ணையும் அழைக்கலாம்.

பிற வழிகள்

நிலுவை வழக்கு மக்கள் நீதிமன்றத்தில் சமரசமாக முடிந்தால், செலுத்திய கட்டணம் திருப்பித் தரப்படும். நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில், செலுத்திய விலை ரூ.5 லட்சம் வரை உள்ள புகார்களுக்குக் கட்டணம் இல்லை.