மாசி, பங்குனியில் மளிகை

புளியும் மிளகாய் வற்றலும் ஆண்டு முழுவதும் வேண்டும். புதுச்சரக்கு வருவதோ சில மாதங்கள்தான். தமிழகத்தில் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை புதுப்புளி சந்தைக்கு வரும். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் குண்டு மிளகாய் களத்தில் காய்வதும் அந்தச் சமயத்தில்தான். வரத்து கூடும்போது விலை பெரும்பாலும் இறங்கும். மாதம் அரைக் கிலோ புளி செலவாகும் வீட்டுக்கு 6 கிலோ வாங்கினால் ஆண்டு ஓடிவிடும்.

வாங்குவதைவிடக் காப்பதில்தான் கவனம் வேண்டும். புளியில் கொட்டை, நார், ஓடு நீக்கி, வெயிலில் காயவைத்து, கல் உப்புத் தூவிப் பீங்கான் ஜாடியில் அழுத்தி அடைக்கலாம். நாள்பட்ட புளி கறுக்கும். அதனால் கெட்டுப்போனதாக நினைத்துக் கொட்ட வேண்டியதில்லை. மிளகாயைக் காம்போடு வையுங்கள். கையில் நொறுங்கும் அளவு காயாவிட்டால் பூஞ்சை பிடிக்கும், பூஞ்சை கண்டதைச் சமைக்கவே கூடாது. துவரம்பருப்பையும் நன்றாகக் காயவைத்துக் காற்றுப்புகாத டப்பாவில் மூடினால் வண்டு அண்டாது.

ரவை, மாவு, அரைத்த மசாலாத் தூள் மட்டும் மாத அளவுக்கே. இவை சீக்கிரம் புழுத்தோ மணம் இழந்தோ போய்விடும்; மிச்சம் பிடித்த பணமும் கூடவே போகும். பட்டியல் எழுதும் முன் பழைய டப்பாக்களை ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.