ரோஸ்பெரிப் பிரபுவும் டெர்பிப் பந்தயமும்

கல்வி, செல்வம், நாவன்மை, உயர்குடிப் பிறப்பு என்னும் பேறுகள் யாவும் ஒருவர்பால் ஒருங்கே அமைதல் அரிது. அங்ஙனம் அமைந்தோருள் ஒருவர் ஸ்காட்லாந்து தேசத்து ஐந்தாம் ரோஸ்பெரிப் பிரபு ஆவர். அவர்தம் சரித்திரம் மாணாக்கர் அறியத்தக்கதாகலின் ஈண்டுச் சுருங்க உரைப்பாம்.

ஆர்ச்சிபால்ட் பிரிம்ரோஸ் என்னும் இயற்பெயருடைய இவர் 1847-ஆம் ஆண்டில் லண்டன் நகரிற் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். 1868-இல் பாட்டனார் காலஞ்சென்றபின், எடின்பரோவிற்கு அணித்தாகிய டால்மெனி மாளிகையும் பிரபு பட்டமும் இவருக்கு உரியவாயின. அக்காலை இவர் ஆக்ஸ்போர்டில் மாணவர். ஆங்கு மாணவர் பந்தயக்குதிரை வைத்திருத்தல் விதிக்கு மாறு. குதிரையையாவது கல்லூரியையாவது விடவேண்டும் என்னும் நிலை வந்தபோது, இவர் கல்லூரியையே விட்டார். லாடாஸ் என்னும் அக்குதிரை 1869-ஆம் ஆண்டு டெர்பிப் பந்தயத்தில் ஓடிக் கடைசியாக வந்தது. பட்டமும் போயிற்று, பந்தயமும் போயிற்று.

டெர்பி என்பது எப்சம் என்னும் ஊரில் 1780-இல் தொடங்கிய பந்தயமாகும். மூன்று வயதுக் குதிரைகளே அதில் ஓடும். ஆதலின் ஒரு குதிரைக்கு ஆயுளில் ஒருமுறையே அவ்வாய்ப்பு உண்டு.

அரசியலில் லிபரல் கட்சியைச் சார்ந்த இவர், 1879-80-இல் கிளாட்ஸ்டன் மிட்லோதியன் தொகுதியில் நிகழ்த்திய பெருஞ்சொற்பொழிவுகளுக்கு ஏற்பாடு செய்து உதவினார். 1889-இல் லண்டன் மாவட்டக் கழகத்தின் முதல் தலைவரானார். இருமுறை வெளிநாட்டு மந்திரியாக விளங்கினார். 1893-இல் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்க்கும் முதலாளிகட்கும் மூண்ட பெரும் பிணக்கு, இவர் நடுநின்றபின் தீர்ந்தது. 1894 மார்ச்சில் பிரதம மந்திரியானார். அவ்வாண்டு ஜூனில், முன்னையதன் பெயரையே தாங்கிய மற்றொரு லாடாஸ் டெர்பியில் வென்றது. பதவியிலிருக்கும்போதே டெர்பி வென்ற பிரதம மந்திரி இவரே. பொதுஜனங்கள் ஆரவாரித்தனர், ஆனால் அவர் கட்சியின் முதுகெலும்பாயிருந்த சுயாதீனச் சபைக் கிறிஸ்தவர் பலர், சூதாட்டத்தோடு பிணைந்த இவ்விளையாட்டைத் தம் தலைவர் போற்றுதல் தகாதென வருந்தினர்.

1895 மேயில் இவரது சர் விஸ்டோ என்னும் குதிரையும் டெர்பி வென்றது. அடுத்த மாதமே, வெடிமருந்துச் சேமிப்புக் குறித்த வாக்கெடுப்பொன்றில் ஏழு வாக்குகளால் அரசாங்கம் தோற்க, இவர் பதவி துறந்தார். பந்தயத்தால் அவ்வரசு வீழ்ந்தது என்பது நீதியாகாது. மந்திரிகளிடையே பிணக்கும், பிரபுக்கள் சபையின் எதிர்ப்பும், உறக்கமின்மையால் வந்த உடற்சோர்வும் காரணங்களாம். 1890-இல் மனைவியை இழந்த துயரமும் அவரை விட்டு அகலவில்லை. எனினும் 1896-இல் கட்சித் தலைமையையும் விடுத்தார். 1929-இல் இறக்குமளவும் மீண்டும் மந்திரி பதவி ஏற்றிலர். 1905-இல் சிசரோ என்னும் குதிரை அவருக்கு மூன்றாம் டெர்பியை ஈட்டித் தந்தது.

பிட், நெப்போலியன் முதலியோரைப் பற்றி இவர் அரிய நூல்கள் இயற்றினார். தேர்வெழுதிப் பட்டம் பெறாத இவரே பிற்காலத்தில் லண்டன், கிளாஸ்கோ சர்வகலாசாலைகளின் தலைவராய் வீற்றிருந்தார். எனவே இழந்த பட்டம் அவருக்குப் பெருங்குறையாகவில்லை. பாரம் மிகுந்தபோது பற்றியதை விடும் இயல்பே குறையாயிற்று. இருபத்திரண்டாம் அகவையில் கல்லூரியை விடுத்த அவர், நாற்பத்தொன்பதாம் அகவையில் ஒரு பெருங்கட்சியின் தலைமையை விடுத்தார். பேறுகள் ஒருவனைத் தொடக்கத்தில் முன்னிறுத்தலாம். எல்லை வரை கொண்டு செலுத்துவது விடாமுயற்சியே என்பதை நாம் மறவாதிருப்போமாக.