அப்பா இல்லாத விதை

எலுமிச்சை விதையைக் கொஞ்ச நேரம் ஊற வைத்து, மேல் தோலை நகத்தால் உரித்துப் பாருங்கள். ஒரே விதைக்குள் இரண்டு, மூன்று குட்டிப் பருப்புகள் நெருக்கியடித்துக் கொண்டு கிடக்கும். ஒவ்வொன்றும் ஒரு கரு. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு அப்பாவே கிடையாது!

மகரந்தம் வந்து சேர்ந்தால்தான் கரு உண்டாகும் என்றுதானே பள்ளிக்கூடத்தில் படித்தோம்? எலுமிச்சையில் அந்தக் கருவும் உண்டு. கூடவே, அதைச் சுற்றியிருக்கும் தாயின் சதையிலிருந்தே சில செல்கள் தாமாகக் கருவாகிவிடுகின்றன. அப்பா சாயல் கொஞ்சமும் இல்லாமல் அச்சு அசலாக அம்மாதான்.

ஆண் வாடையே இல்லாமல் விதை விடும் செடிகளும் உண்டு. லண்டன் கியூ தோட்டத்தில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஒரு வகைச் செடி இருந்தது. இருந்தவை எல்லாம் பெண் செடிகள். ஆனாலும் விதை பிடித்தது, முளைத்தது! அங்கே பணியாற்றிய ஜான் ஸ்மித் இதைப் பற்றி எழுதிய கட்டுரை 1841-ல் அச்சானது.

சரி, இதனால் நமக்கென்ன என்கிறீர்களா? எங்கள் தெருவில் ஒரு பாலக்காட்டு மாமி இருக்கிறார். பிறந்த வீட்டை விற்றாயிற்று. வாங்கினவர்கள் கொல்லை மாமரத்தை வெட்டப் போகிறார்கள். 'சந்திரக்காரன்' மரம். மாம்பழப் புளிசேரிக்கு அதை விட்டால் வேறில்லை என்பார் மாமி. கடைசிப் பழத்தின் கொட்டையைக் கொண்டு வந்து தொட்டியில் போட்டார். நாலு கன்று கிளம்பிவிட்டது.

"எதை வச்சுக்கறது, எதைப் பிடுங்கறது? அம்மா வீட்டு ருசி வருமோன்னோ?"

"பயப்படாதீங்கோ மாமி, சந்திரக்காரன் பல கரு ஜாதி. அநேகமா அதே ருசிதான் வரும். ஒரே மாதிரி இலையும் வளர்த்தியுமா இருக்கறதை வச்சுக்கோங்கோ. தனியா ஒண்ணு சோனியா இருந்தா, அது அப்பா பிள்ளையா இருக்கலாம். எதுக்கும் ரெண்டு கன்றா வையுங்கோ."

எல்லா மாவுக்கும் இப்படிச் சொல்லிவிட முடியாது. பங்கனபள்ளி, நீலம், அல்போன்சா இவற்றின் கொட்டையில் ஒரே கரு; அப்பா, அம்மா இருவரும் கலந்த பிள்ளை. ஆறேழு வருஷம் தண்ணீர் ஊற்றிய பிறகு வேறு ருசியில் காய்த்தால் எப்படி இருக்கும்? இவற்றுக்கு ஒட்டுக் கன்றுதான் சரி. பம்பளிமாஸும் ஒற்றைக் கரு ஜாதிதான். சந்தேகமிருந்தால் மாங்கொட்டையின் ஓட்டைப் பிளந்து பாருங்கள். பருப்பு இரண்டே பாதியாக இருந்தால் ஒற்றைக் கரு. பல துண்டுகளாக இருந்தால் மாமியின் ஜாதி.

எலுமிச்சைக்கு இன்னொரு லாபம்: தாய் மரத்து வைரஸ் நோய்கள் பெரும்பாலும் விதை வழியாகக் கன்றுக்கு வருவதில்லை. ஆனால் விதைக் கன்றில் முள் அதிகம். காய்க்கவும் ஒட்டுக் கன்றைவிடத் தாமதமாகும். விதையைக் காய வைக்காமல், பழத்திலிருந்து எடுத்த கையோடு ஊன்றிவிடுங்கள். மாங்கொட்டைக்கும் இதேதான்.